ராணி அக்காவின் நாற்காலி

போன வாரம் பங்சாரில் ஓர் அலுவலகத்தில் பத்து மணிக்குக் கூட்டம். வழக்கம்போல ரொம்ப முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். ஜாம் இருக்கும், காடி நிறுத்த இடம் கிடைக்காது, லிஃப்ட் பழுதாகியிருக்கும் என்று எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவேன். ஒன்றுமே நடக்காத நாட்களில் காவலாளிகளோடு பேசிக்கொண்டிருப்பேன். கோலாலம்பூரில் பாதிக் கட்டடங்களின் காவலாளிகள் எனக்குப் பழக்கம். ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளைகூடப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

கூட்ட அறையில் ஒரு பெண் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரோ அழியாத மையால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். துணியை ஸ்பிரிட்டில் நனைத்து அழுத்தித் தேய்த்தாள். குளிரூட்டிய அந்த அறையில் ஸ்பிரிட் வாடை மெல்லப் பரவியதும் எனக்குப் பங்சார் மறந்துபோயிற்று. பக்கத்திலேயே இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு கடைவீட்டு மாடிக்குப் போகும் குறுகிய படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். கீழே பூக்கடை. முதல் படிகளில் மல்லிகை வாசம், நடுப்படியில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் தாளிப்பு, மேல்படிக்கு வந்தால் ஸ்பிரிட் விளக்கு. இன்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தப் படியில் நிற்கிறேன் என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவேன்.

"இவங்கதான் நம்ம ஆர்கனைசேஷனல் கன்சல்டன்ட்" என்று யாரோ அறிமுகம் செய்தார்கள். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சொல்லைக் கேட்டால், பின்னால் யாராவது பெரிய மனிதர் வந்து நிற்கிறாரா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்தியவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று, வீட்டில் தம்பிகள், அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. "கொஞ்ச நாளைக்கு வீட்டப் பாத்துக்கம்மா" என்றார் அப்பா. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, கிள்ளானிலிருந்து ரயிலேறி அந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில் இருந்த டியூஷன் சென்டருக்கு வேலைக்குப் போனேன். வகுப்பைப் பெருக்குவது, விசிறியைப் போடுவது, அறிவியல் வகுப்புக்கு மெழுகுவத்தி, கண்ணாடி டம்ளர், ஸ்பிரிட் விளக்கு எல்லாவற்றையும் எடுத்துவைப்பது. வைத்துவிட்டுப் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். தடுப்பு மெல்லியது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு அறிவியல் முழுவதும், வருஷத்துக்கு ஒரு தடவை அதன் வழியாக என் காதுக்கு வந்து சேரும். ஆசிரியர் எந்த இடத்தில் இருமுவார் என்பது உட்பட எனக்கு மனப்பாடம்.

ஒருநாள் அந்த ஆசிரியர் வரவில்லை. செராஸில் வேறொரு சென்டர் அவரை இழுத்துக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. சென்டரை நடத்திய பாலா அங்கிள் இன்சூரன்ஸும் விற்பவர். பதறுகிற மனிதரே இல்லை.

"நீதானம்மா எல்லாத்தையும் எடுத்து வெக்கிற? உள்ள போ" என்றார்.

"எடுத்து வெக்கிறது வேற, சொல்லிக் குடுக்கிறது வேற, அங்கிள்."

"என்ன பெரிய வேற? பிள்ளைங்க மேல வந்துட்டாங்க. பெத்தவங்க கீழ காடியில உக்காந்திருக்காங்க. போ லா."

போனேன். மெழுகுவத்தியைக் கொளுத்தி டம்ளரைக் கவிழ்க்கிற சோதனை. கை நடுங்கியதில் தீக்குச்சிகள்தான் வீணாகிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் லோகேஸ்வரி என்று ஒரு வாயாடிப் பெண்.

"டீச்சர், பயந்துட்டீங்களா?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. எனக்கு அந்த நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்ட பாடம்தான் கைகொடுத்தது. நம் பிள்ளைகள் அறிவியலில் முதலில் படிப்பது இரண்டு சொற்கள்: உற்றறிதல், ஊகித்தல். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, மூக்கால் முகர்ந்தது உற்றறிதல். அதற்கு நாமாகச் சொல்லிக்கொள்ளும் காரணம் ஊகித்தல். ஒன்றை இன்னொன்றாக எழுதிவிட்டால் தேர்வில் மார்க் போய்விடும்.

"நான் பயந்துட்டேன்னு சொன்னியே, அது உற்றறிதலா, ஊகித்தலா?" என்று கேட்டேன்.

லோகேஸ்வரி யோசித்தாள். "கை நடுங்குது, அது உற்றறிதல். பயம், ஊகித்தல்."

"சரியா சொன்ன. எல்லாரும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு நான் டீச்சர் ஆனேன். பாலா அங்கிள் வேறு ஆள் தேடுவதை நிறுத்திவிட்டார்.

கவலைப்படுகிறவர்கள் அறிவியல் சொல்லிக்கொடுக்க ஏற்றவர்கள் என்பது என் கட்சி. எந்தச் சோதனையானாலும் அது எப்படியெல்லாம் சொதப்பும் என்று ரயிலில் வரும்போதே பட்டியல் போட்டுவிடுவேன். விசிறிக் காற்றில் சுடர் அணையும், டம்ளர் வெடிக்கும், எறும்பு சர்க்கரைப் பக்கம் போகாமல் உப்புப் பக்கம் போகும். வகுப்பில் கேட்பேன்: "இப்ப என்ன தப்பு நடக்கும், சொல்லுங்க பாப்போம்." பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதே சொற்களை வைத்து என் மனசைத் திருத்த முடிந்ததா என்றால் அதுதான் இல்லை. வீட்டில் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது என்று ரயிலில் தோன்றும். இது வெறும் ஊகம், அணைத்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று எனக்கே பாடம் நடத்துவேன். நடத்திக்கொண்டே சுபாங் ஜெயாவில் இறங்கி, எதிர் ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

பெற்றோர்களில் ஒருவர் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மன். மகனை அழைத்துப்போக வருபவர், படிக்கட்டில் நின்று பாடத்தைக் கேட்பார். "டீச்சர், எங்க ஃபேக்டரிக்குப் புதுசா ஆளுங்க வராங்க. நேப்பாள், பங்களாதேஷ். சேஃப்டி சொன்னா தலைய ஆட்டுறாங்க, புரியல. நீங்க மெழுகுவத்திய வெச்சே எல்லாத்தையும் புரிய வெக்கிறீங்களே, வந்து பாருங்களேன்" என்றார். அப்படிப் போனதுதான். மொழி தெரியாத ஆட்களுக்கு அமிலம் என்றால் என்ன என்பதை ஒரு துண்டு ரப்பரையும் ஒரு சொட்டு அமிலத்தையும் வைத்துக் காட்டினேன். பிறகு பயிற்சிப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள், பிறகு ஆள்வளப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் சான்றிதழைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே கையெழுத்துப் போடுவேன். உள்ளே இருக்கிறவளிடம் யாரும் கேட்கவில்லை. அங்கேதான் ஒன்று கவனித்தேன். இயந்திரம் நின்றால் அதைப் பார்க்க ஆள் ஓடுகிறது. பேச்சு நின்றால் யாரும் ஓடுவதில்லை.

கடைசியில் தொழிற்சாலை பேரா மாநிலத்துக்கு இடம் மாறியது. கூட வா, இல்லையென்றால் விடு. என் வீட்டுக்காரர் சேகருக்கு இங்கே ரயில்வேயில் வேலை, பிள்ளைகளுக்கு இங்கே பள்ளி. விட்டுவிட்டேன். விட்ட மறுநாளிலிருந்து சோறு இறங்கவில்லை. இனி யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்? விண்ணப்பம் என்று போட்டால் முதல் கேள்வியே படிப்பு.

அப்போதுதான் ஒரு லோரி கம்பெனி முதலாளி கூப்பிட்டார். எங்கள் தொழிற்சாலைச் சரக்கை ஏற்றியவர்கள். கிள்ளானில் பழைய கம்பெனி, அண்ணன் தம்பி இருவர். பெரிய பாஸ் அலுவலகத்தைப் பார்ப்பார், சின்ன பாஸ் லோரிகளையும் பட்டறையையும்.

"லோரி லேட்டு, சரக்கு மாறிப் போச்சுன்னு பெரிய கஸ்டமர் ஒருத்தன் கத்துறான். தீபாவளிக்குள்ள சரியாகலன்னா வேற ஆளப் பாக்கப் போறானாம்" என்றார் பெரிய பாஸ். "நீங்க ஆளுங்களப் பாக்கிறவங்கதானே? வந்து எங்க ஆளுங்கள என்னன்னு பாருங்கம்மா."

என் முதல் தனி வேலை. இதில் தேறிவிட்டால் இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் எங்காவது கல்லாவில் உட்கார வேண்டியதுதான் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன்.

போன முதல் நாள், உட்கார இடமில்லாமல் ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். அலுவலகத்துக்கும் லோரி நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் பக்கத்தில் அந்த நாற்காலி. ராணி அக்கா என்ற, கணக்கு எழுதும் கிராணி அங்கேதான் காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். ஓய்வு பெற்று சிரம்பானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் எழுதிய கணக்கையெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் போட்டுவிடுவதால் வேறு ஆள் எடுக்கவில்லை.

பெரிய பாஸைக் கேட்டால், "எல்லாம் என் தம்பியாலதான். அவனுக்குத் திமிரு" என்றார்.

"திமிர நீங்க பாத்தீங்களா, பாஸ்?"

"பின்ன?"

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. நேத்து என்ன பாத்தீங்க?"

"ஆறாம் நம்பர் லோரிய அனுப்பச் சொன்னேன். போகல."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"டிரைவர்கிட்ட சொல்லி விட்டேன்."

அந்த டிரைவரை விசாரித்தேன். அவர் விடியற்காலையிலேயே ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டார். செய்தியும் லோரியோடு ஈப்போவுக்குப் போய்விட்டது. சின்ன பாஸைக் கேட்டால், "அண்ணனுக்கு யாரு மேலயும் நம்பிக்கையே இல்லக்கா" என்றார். அவரிடமும் அதே கேள்வி: என்ன பார்த்தீர்கள்? யோசித்துவிட்டு, "எங்கிட்ட எதுவுமே சொல்றதில்ல" என்றார்.

சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். நம் வீடுகளில் இருக்கிறதே, மூத்தவர் முகத்துக்கு நேரே நின்று பேசாத மரியாதை, அதுதான். சின்ன வயதில் நடுவில் அம்மா இருந்திருக்கிறார். கம்பெனியில் ராணி அக்கா இருந்திருக்கிறார். இரண்டாம் நாளே நான் கண்ணால் பார்த்தேன். மூன்று பேரும் ஒரே அறையில் நிற்கிறோம். சின்ன பாஸ் என்னைப் பார்த்து, "அக்கா, நாளைக்கு ரெண்டு லோரி பட்டறைக்குப் போகுதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்கிறார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்த பெரிய பாஸ், அவரும் என்னையே பார்த்து, "எந்த ரெண்டுன்னு அவன கேளுங்கம்மா" என்கிறார். பூப்பந்து ஆட்டம் பார்ப்பவள்போல என் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

ஆனால் லோரிகள் நேரத்துக்குப் போக ஆரம்பித்தன. கஸ்டமர் கத்துவதை நிறுத்தினார். டிரைவர்கள் எனக்குப் பால் விடாத தே ஓ வாங்கி வந்தார்கள். நான் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஒருநாள் பட்டறை ஆள் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ராணி அக்கா..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "சோரி அக்கா, பழக்கத்துல வந்துருச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் எதையும் சரி செய்யவில்லை. காலியாக இருந்த நாற்காலியை நிரப்பியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த வாரமே பெரிய பாஸ் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நீங்க வந்ததுலேர்ந்து எல்லாம் ஒழுங்கா நடக்குது. இங்கயே இருந்துடுங்கம்மா. மேனேஜர்னு போட்டுக்கலாம். மாசச் சம்பளம், இ.பி.எஃப்., தீபாவளி போனஸ். என்ன சொல்றீங்க?"

மாசச் சம்பளம், இ.பி.எஃப். சான்றிதழ் கேட்கவே போவதில்லை. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னேன். எந்தக் கவலையைச் சொன்னாலும் "சரி, அப்புறம்?" என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கும் மனிதர் அவர்.

"நல்லதுதானே? சேந்துடு" என்றார்.

"சேந்தா நான் அந்த ஜன்னலவிட்டு எழுந்திரிக்கவே முடியாது. நாளைக்கு எனக்குக் காய்ச்சல்னா லோரி நிக்கும்."

"அப்போ காய்ச்சல் வராமப் பாத்துக்க."

"விளையாடாதீங்க. அவங்க எதுக்குக் கூப்பிட்டாங்களோ அத நான் இன்னும் செய்யல."

சேகர் டிவியை அணைத்தார். அது எங்கள் வீட்டில் அபூர்வம். "வேணான்னு சொல்லிட்டு, வேற ஒண்ணும் வரலன்னா?" என்றார். முதல் தடவையாக அவர் கவலைப்பட்டார். யாராவது ஒருவர் கவலைப்பட்டால் போதும்போலிருக்கிறது. எனக்குத் தெளிவாகிவிட்டது.

மறுநாள் இருவரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டேன். நான் ஓரமாக உட்கார்ந்தேன். அறிவியலில் ஒரு பாடம் உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். நான் மாற்றப்போவது ஒன்றே ஒன்று. வாயைத் திறக்கப்போவதில்லை.

சின்ன பாஸ் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நாளைக்கு அந்தப் பெரிய கஸ்டமருக்குப் போற லோரிக்குப் பிரேக் சரியில்ல. விட முடியாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க."

என் நாக்கு நுனியில் வாக்கியம் தயாராக வந்து நின்றது. எப்படி மெதுவாகச் சொன்னால் அண்ணன் கோபப்படமாட்டார் என்பதுகூடத் தெரியும். தே ஓவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய பாஸ் என்னிடம், "நான் கஸ்டமருக்கு வாக்கு குடுத்துட்டேன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

நான் பேசவில்லை. வெளியே ஏதோ ஒரு லோரி பின்னால் வரும் பீப் சத்தம். விசிறி சுற்றியது. இந்த இரண்டு பேரும் எழுந்து போய்விட்டால் எனக்குச் சம்பளமும் இல்லை, தொழிலும் இல்லை. மேசைக்கு அடியில் என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அது உற்றறிதல்.

சின்ன பாஸ் மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே" என்றார்.

பெரிய பாஸ் நிமிர்ந்தார்.

"பிரேக்கு போயிருச்சுண்ணே. நீங்க வாக்கு குடுத்தது தெரியும். ஆனா அந்த வண்டிய நான் விடமாட்டேன். டிரைவருக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு."

பெரிய பாஸ் போனைக் கையில் எடுத்தார். அவர் என் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டுமே என்று கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன். திரும்பவில்லை.

"அப்ப நான் கஸ்டமர்கிட்ட என்னடா சொல்றது?" என்று தம்பியைக் கேட்டார்.

"உள்ளதச் சொல்லுங்க."

"நீ சொல்றியா?"

"நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

நின்றார். பெரிய பாஸ் போன் செய்தார். அந்தக் கஸ்டமர் கத்தியது எனக்கே கேட்டது. ஆனால் இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கொண்டார், தீபாவளிக்குப் பிறகும் போகவில்லை. போனை வைத்த பெரிய பாஸ், "இப்படி நேரா நீ எங்கிட்டப் பேசுனதே இல்லியே" என்றார்.

"நீங்க கேட்டதே இல்லியேண்ணே."

இருவரும் அதற்குச் சிரித்தார்கள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, கைக்குட்டையைக் கொண்டுவரவில்லை.

வேலை வேண்டாம் என்று சொன்னேன். "ஏம்மா, சம்பளம் பத்தாதா?" என்றார் பெரிய பாஸ். "அந்த ஜன்னல்கிட்ட யாரு உக்காந்தாலும் நீங்க ரெண்டு பேரும் திரும்ப அவங்க வழியாத்தான் பேசுவீங்க, பாஸ்" என்றேன். அவர் யோசித்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "டேய், அந்த நாற்காலியத் தூக்கி ஸ்டோர்ல போடு" என்றார்.

அவர்கள் சொல்லித்தான் அடுத்த வேலை வந்தது, ஒரு சாப்பாட்டுக் கடைக் குடும்பம். அங்கிருந்து செராஸில் ஒரு கிளினிக். அப்படியே பரவி பங்சார் வரைக்கும் வந்துவிட்டது. இப்போது பெரிய பட்டம் வாங்கியவர்கள் எதிரே உட்கார்ந்து, "அந்த டீமுக்கு அட்டிட்யூட் சரியில்ல" என்பார்கள். "என்ன பாத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க" என்பேன். கை நடுங்குவதில்லை. எனக்கு என் தொழில் தெரியும். அதை ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அந்த டியூஷன் சென்டர் இருந்த மாடி இன்று மலிவு ஹோட்டல். பூக்கடையும் இடம் மாறிவிட்டது. நான் பிள்ளைகளைத் தயார் செய்த அந்த ஆறாம் ஆண்டுத் தேர்வையே அரசாங்கம் எடுத்துவிட்டது. பெரிய பாஸ் நோயில் விழுந்து, போன வருஷம் தவறிவிட்டார். இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் லோரித் தொழிலில் ஆசை இல்லை. கம்பெனியை விற்றுவிட்டார்கள், வாங்கியவர்கள் அந்த இடத்தில் கிடங்கு கட்டுகிறார்கள். நான் அன்று வேண்டாம் என்ற மேனேஜர் வேலை, இ.பி.எஃப்., எல்லாம் அதோடு போயிற்று.

அலுவலகத்தைக் காலி செய்த நாளில் சின்ன பாஸ் என்னைக் கூப்பிட்டிருந்தார். அலமாரிகள் போய்விட்டன. அந்தக் கண்ணாடி ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து எடுத்திருந்தார்கள், சுவரில் வெறும் ஓட்டை. ஆட்கள் கடைசியாகப் பெரிய பாஸின் மேசையைத் தூக்கிக்கொண்டு கதவருகே வந்தார்கள்.

"பாஸ், இது எந்த லோரியில?"

சின்ன பாஸ் சட்டென்று அந்த மேசை இருந்த பக்கம் திரும்பி, "அண்ணே, இத எங்க வெக்கச் சொல்றது?" என்றார்.

பிறகு அப்படியே நின்றார். ஆட்கள் மேசையைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"கீழ வைங்கப்பா" என்றார் சின்ன பாஸ். "கொஞ்ச நேரம் கழிச்சு ஏத்திக்கலாம்."

வைத்தார்கள். எல்லாரும் சும்மா நின்றோம்.